மூன்று வளர்ந்த பிள்ளைகளுடன் லடாக்: எந்த வழியாக ஏறுவது, யார் வண்டி ஓட்டுவது?

காவேரிக்கரை, ஈரோடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மூத்த மகளுக்கு 24 வயது, பெங்களூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறாள். மகனுக்கு 20, பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். இளையவள் பிளஸ் டூ தேர்வை முடித்துவிட்டு மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கிறாள், அவளுக்கு 17. மூத்தவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிட்டோம், மகனும் அடுத்த ஆண்டு வேலைக்குப் போய்விடுவான் என்பதால், ஐவரும் ஒன்றாக ஒரு நீண்ட பயணம் போவதற்கு இந்த ஆண்டை விட்டால் வாய்ப்பில்லை என்று நானும் என் கணவரும் நினைக்கிறோம். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு எல்லாம் அவர்கள் சிறுவர்களாக இருந்தபோதே பார்த்தாயிற்று. இந்த முறை உடலுக்கும் மனத்துக்கும் சவாலான பயணமாக இருக்க வேண்டும் என்று மூவரும் ஒரே குரலில் லடாக்கைச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எதிலும் ஒரே குரல் இல்லை.

மகன் மணாலியிலிருந்து லடாக்கின் முக்கிய நகரமான லே வரை மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும் என்கிறான். மூத்தவள் விமானத்தில் லேவில் இறங்கி, நடைபயணத்துக்கு அதிக நாள் ஒதுக்கலாம் என்கிறாள். இளையவளுக்குப் படகில் ஆற்றோட்டத்தில் இறங்க வேண்டும். என் கணவருக்கு 54 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். கையில் இருப்பது இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாள்கள். எந்த மாதம், எந்த வழி, பிள்ளைகளுக்கு வண்டி கொடுக்கலாமா என்ற மூன்றுக்கும் அனுபவம் உள்ளவர்கள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மலைநாடன், கோத்தகிரி

வணக்கம் அம்மா. முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் கையில் இல்லை. நீட் தேர்வு மே மாதத் தொடக்கத்தில் முடியும். பொறியியல் கலந்தாய்வுச் சுற்றுகள் வழக்கமாக ஜூலையில் சூடு பிடிக்கும். இடையில் கிடைப்பது மே கடைசி முதல் ஜூன் மூன்றாம் வாரம் வரையிலான இடைவெளி. லடாக்குக்கு அது நல்ல காலம்தான். ஜூலை, ஆகஸ்டில் லடாக் மழை மறைவுப் பகுதியாக இருந்தாலும், அங்கே செல்லும் வழியிலுள்ள குலு, மணாலிப் பகுதி அப்படியல்ல. 2023 ஜூலையில் பியாஸ் ஆற்றங்கரைச் சாலைகள் அடித்துச் செல்லப்பட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 2010 ஆகஸ்டில் லே நகரமே மேகவெடிப்பால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது.

வழியைப் பற்றி என் கருத்து உறுதியானது. மணாலி வழியாக ஏறாதீர்கள். ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். மணாலி 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு ரோதாங் கணவாயைச் சுற்ற வேண்டியதில்லை என்பதால், முன்பைவிட வேகமாக மேலே போய்விடுகிறோம். உடலுக்குக் கிடைத்துவந்த அவகாசம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. ஜிஸ்பாவில் 3,200 மீட்டரில் ஓர் இரவு, மறுநாள் பாரலாச்சா கணவாயைக் கடந்து சார்ச்சுவில் 4,290 மீட்டரில் கூடாரம் என்பதுதான் பெரும்பாலான குழுக்களின் வழக்கம். ஒரே நாளில் தூங்கும் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. சார்ச்சுவில் நள்ளிரவில் தலைவலியோடும் வாந்தியோடும் துடிக்கும் இளைஞர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒரு கணவாயை ஏறித்தான் இறங்க வேண்டும் என்பதுதான் அந்த இடத்தின் உண்மையான ஆபத்து.

ஸ்ரீநகர் வழி வேறு மாதிரி. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் 2,676 மீட்டர், ஆல்ச்சி ஏறத்தாழ 3,100 மீட்டர், லே 3,500 மீட்டர். நடுவில் சோஜி கணவாயையும் 4,108 மீட்டரிலுள்ள ஃபோட்டு கணவாயையும் கடந்தாலும், தூங்கும் இடங்கள் படிப்படியாகத்தான் உயர்கின்றன. ஆல்ச்சியில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுப் பழமையான சுவரோவியங்கள் உள்ள மடாலயம் இருக்கிறது; அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் வீண் போகாது. லடாக்கில் நன்றாகப் பழகிய உடலோடு மணாலி நோக்கி வரும்போது அதே சார்ச்சு உங்களை ஒன்றும் செய்யாது. உங்கள் மகன் ஆசைப்படும் கட்டா வளைவுகள் இருபத்தொன்றையும், மோரே சமவெளியையும், 5,300 மீட்டருக்கு மேலுள்ள தாங்லாங் கணவாயையும் அவன் தலைவலி இல்லாமல் பார்ப்பான்.

நெல்லைத் தந்தை

மலைநாடன் ஐயா சொல்லும் வழி உயரத்துக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள் கொல்லப்பட்ட பிறகு, ஒரு தாயிடம் காஷ்மீர் வழியாகப் போகச் சொல்வது எப்படி? வீட்டுப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்களா? நாங்கள் போனபோது டெல்லியிலிருந்து நேரே லேவுக்கு விமானத்தில்தான் போனோம். எந்தக் குறையும் இல்லை.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் என் பதில் ஒரே சொல்லில் முடிந்துவிடும்: வேண்டாம். நம் பிள்ளைகள் கல்லூரிக்கு வண்டியில் போகிறார்கள் என்பதற்காக, தடுப்புச் சுவர் இல்லாத, பனி உருகிய நீர் குறுக்கே ஓடும் சாலையில் அவர்களை அனுப்ப முடியாது. அவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மதுரை மருத்துவர்

உயர நோயைப் பற்றிப் பேச்சு வந்ததால் சில செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். லேவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். தாங்லாங், கர்துங் கணவாய்களில் அது பாதியை நெருங்குகிறது. இதற்கு உடல் பழக நாள்கள் தேவை. உடற்பயிற்சி இந்த நோயைத் தடுக்காது. இளமையும் தடுக்காது. குடும்பத்திலேயே மிகவும் வலுவாக இருப்பவர் முதல் நாளே மலையேறப் போய் நோயை வரவழைத்துக்கொள்வதும், மெதுவாக நடக்கும் தந்தை நலமாக இருப்பதும் அடிக்கடி நடப்பவை. எனவே இந்த இழையில் எல்லோரும் 54 வயதுத் தந்தையை எண்ணிக் கவலைப்படுவது இயல்பு என்றாலும், நான் 20 வயது மகனைத்தான் கூடுதலாகக் கவனிப்பேன். தந்தை பயணத்துக்கு முன் தம் மருத்துவரைப் பார்த்து இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது.

3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போனாலும், எங்கே தூங்குகிறோம் என்பதே முக்கியம். நேரே லேவில் இறங்குபவர்கள் இந்த விதியை முதல் நாளே மீறித்தான் தொடங்குகிறார்கள். அப்படி இறங்குவதானால் முழுதாக இரண்டு நாள் லேவிலேயே ஓய்வாக இருக்க வேண்டும். சாந்தி ஸ்தூபியின் படிகளில்கூட ஏற வேண்டாம். அசெட்டசோலமைடு மாத்திரையை, வழக்கமாக 125 மில்லிகிராம் அளவில் நாளைக்கு இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுத்துக்கொள்வது பலருக்கு உதவும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் நுனிகள் குறுகுறுப்பதும் அடிக்கடி சிறுநீர் போவதும் அதன் பக்க விளைவுகள், பயப்பட வேண்டியதில்லை.

தலைவலி, குமட்டல், சோர்வு இருந்தால் அன்று மேலே போகக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் விடியும் வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்ஸிஜன் உருளை இறங்கும் வரைக்குமான துணைதான். இறங்குவதற்கு மாற்று ஆகாது. ஐவரில் யாருக்குத் தலைவலி வந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். தன்னால் மற்றவர்களின் பயணம் கெடும் என்று நினைத்து மறைப்பவர்கள்தான் கடைசியில் மருத்துவமனைக்கு வருகிறார்கள், அதிலும் பதின்பருவத்தினர்.

விண்மீன், சென்னை

நான் கல்லூரி இறுதியாண்டு மாணவி. இந்த இழையில் என் வயதுடையவர்கள் யாரும் பேசாததால் எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்களை மதித்து ஒரு வேலையை ஒப்படைத்தால் நாங்கள் அதைச் செய்வோம். பெரும்பாலான குடும்பப் பயணங்களில் அம்மா அப்பா எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, "உங்களுக்காகத்தானே இவ்வளவு செலவு" என்று சொல்வார்கள். நாங்கள் வண்டியின் பின் இருக்கையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் வீட்டில் கடந்த முறை என் அண்ணனிடம் பணக் கணக்கையும் என்னிடம் தங்குமிடங்களையும் முழுதாக விட்டுவிட்டார்கள். நான் தேர்ந்தெடுத்த ஒரு விடுதியில் வெந்நீர் வரவில்லை. அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடுத்த விடுதிக்கு நானே தொலைபேசியில் நான்கு கேள்வி கூடுதலாகக் கேட்டேன்.

நெல்லைத் தந்தை ஐயாவிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அந்த ஆசை போய்விடாது. அடுத்த ஆண்டு நண்பர்களோடு, யாரிடமும் சொல்லாமல், பழக்கமில்லாத வண்டியில், மணாலி வழியாக ஏறுவோம். குடும்பத்தோடு இருக்கும்போது, பின்னால் ஒரு கார் வரும்போது ஓட்டிப் பார்ப்பது அதைவிடப் பாதுகாப்பானது இல்லையா?

நெல்லைத் தந்தை

மகளே, நீ சொன்னதை மூன்று முறை படித்தேன். கடைசிப் பத்தி என்னைத் தூங்க விடவில்லை. என் மகனும் 19 வயதுக்காரன். என் அச்சம் குறையவில்லை என்றாலும், "வேண்டாம்" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்வது சரியில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எந்தச் சாலையில், எவ்வளவு தூரம், எந்த வண்டியில் என்று விவரமாக யாராவது சொன்னால் நானும் கேட்டுக்கொள்வேன்.

மலைநாடன், கோத்தகிரி

விண்மீன் தங்கையின் பதிவுக்கு நன்றி. நெல்லைத் தந்தை கேட்டதற்கு விவரமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். கியர் வண்டி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எனவே இளையவள் ஓட்ட முடியாது, பின்னால் அமரலாம். மூத்த இருவரில் கனமான வண்டியை நம் ஊர் மலைச் சாலையில் ஓட்டிப் பழகியவர் மட்டும் ஓட்டட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மழையில் ஓட்டி, வளைவில் பதற்றமில்லாமல் இறங்கத் தெரிந்தால் அதுவே நல்ல தேர்வு. பெங்களூரில் அலுவலகத்துக்கு ஸ்கூட்டர் ஓட்டுவது இதற்குக் கணக்கில் வராது.

அடுத்தது வண்டி. மணாலியிலோ டெல்லியிலோ வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளில் லேவைச் சுற்றியுள்ள இடங்களுக்குப் போக உள்ளூர் வாடகைச் சங்கத்தினர் விடுவதில்லை. வாடகை டாக்சிக்கும் இதே கட்டுப்பாடுதான். அந்த மக்களின் பிழைப்புக் காலம் ஆண்டில் சில மாதங்களே என்பதால் அதில் நியாயம் இருக்கிறது. எனவே லேவிலேயே எடுங்கள். நம் சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டுதான் அங்கே எங்கு பார்த்தாலும் நிற்கும். பழுது பார்ப்பவரும் உதிரிப் பாகமும் கிடைப்பதும் அதற்கே எளிது. எடுத்தவுடன் பிரேக், டயர், சங்கிலியைப் பார்த்து, ஏற்கனவே இருக்கும் கீறல்களைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்கால், முழங்கைக் காப்பு, முழு முகத் தலைக்கவசம் இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது.

எந்தச் சாலை என்பதுதான் முக்கியம். லேவிலிருந்து மேற்கே நிம்மு வரையிலான சாலை அகலமானது, உயரம் கூடாதது, சிந்துவும் சன்ஸ்காரும் கலக்கும் இடம் வழியிலேயே வரும். பழகிய பிறகு முதல் நாள் அங்கே ஓட்டட்டும். அது நன்றாக முடிந்தால், நுப்ரா பள்ளத்தாக்கில் டிஸ்கிட்டிலிருந்து துர்துக் வரை ஓட்டலாம். லேவிலிருந்து நுப்ரா போகும் வழியிலுள்ள கர்துங் கணவாயைக் காரில் கடந்துகொள்ளுங்கள். அங்குள்ள பழைய பலகை 18,380 அடி என்று சொல்லும், உண்மையான உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி. எப்படியானாலும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டிய இடமல்ல. காலை நேரத்தில் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் பனி உருகி, சாலையைக் குறுக்கே கடக்கும் ஓடைகளில் பிற்பகலில் நீர் பெருகும். காலையில் கணுக்கால் அளவு இருந்த இடத்தில் மூன்று மணிக்கு முழங்கால் அளவு ஓடுவதைப் பார்க்கலாம். இருட்டிய பிறகு வண்டி ஓடக் கூடாது. மணாலிக்குத் திரும்பும் நெடுஞ்சாலையை முழுவதும் காரிலேயே வாருங்கள். மகனுக்கு அதில் சிறிது ஏமாற்றம் இருக்கும். இருக்கட்டும்.

நடைபயணம் கேட்ட மூத்த மகளுக்கு ஷாம் பள்ளத்தாக்கைச் சொல்வேன். லிகிரிலிருந்து யாங்தாங், ஹெமிஸ் சுக்பச்சன் வழியாகத் தெமிஸ்காம் வரை போகும் அந்தப் பாதையில் எந்தக் கணவாயும் 4,000 மீட்டரைத் தாண்டாது. ஒவ்வோர் இரவும் கிராமத்து வீடுகளில் தங்கலாம். பார்லி மாவும் வெண்ணெய்த் தேநீரும் கொடுப்பார்கள். தண்ணீர் அங்கே அரிய பொருள். நீர் ஊற்றாத, மண் தூவும் கழிப்பறைதான் பெரும்பாலான வீடுகளில் இருக்கும். பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். மார்க்கா பள்ளத்தாக்கு இதைவிட அழகானது, ஆனால் 5,100 மீட்டருக்கு மேல் ஒரு கணவாயை நடந்து கடக்க வேண்டும். உங்கள் நாள்களுக்குள் அது அடங்காது. வேண்டுமானால் மூத்தவள் தோழிகளோடு பிறகு போகட்டும்.

படகு விஷயத்தில், சன்ஸ்காரில் சில்லிங்கிலிருந்து நிம்மு வரையிலான ஓட்டம் வேகமானது. ஜூனில் நீர்மட்டம் எப்படி இருக்கிறது என்று அங்கே கேட்டபின் முடிவு செய்யுங்கள். சிந்துவில் ஃபேயிலிருந்து நிம்மு வரை மென்மையான ஓட்டம். நீச்சல் தெரியாதவர்களும் பாதுகாப்பு உடையோடு போகலாம். நீர் பனிக்கட்டியிலிருந்து வருவது என்பதால், விழுந்தால் குளிர்தான் முதல் எதிரி. குளிர்காப்பு உடை தராத இடத்தில் ஏறாதீர்கள்.

காஷ்மீர் வழியைப் பற்றிய அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. புறப்படும் வாரத்தில் அரசு அறிவிப்புகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் மருத்துவர் சொன்னபடி நேரே லேவுக்குப் பறந்து, இரண்டு நாள் படுத்து ஓய்வெடுங்கள். அந்த இரண்டு நாளைக் குறைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், உங்களையும் சேர்த்துத்தான்.

விண்மீன், சென்னை

மலைநாடன் ஐயா, ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். லேவில் ஓய்வெடுக்கும் நாளில் ஒரு மாலையை மூவருக்கும் தனியாகக் கொடுங்கள், அம்மா. கடைவீதியில் அவர்கள் மட்டும் சுற்றி, அவர்களுக்குப் பிடித்த இடத்தில் சாப்பிட்டுவிட்டு வரட்டும். அண்ணன் தங்கைகள் பெரியவர்களான பிறகு தங்களுக்குள் பேசிக்கொள்ள நேரம் கிடைப்பதே இல்லை.

காவேரிக்கரை, ஈரோடு

உங்கள் அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இந்த இழை முழுவதையும் இளையவள் உரக்கப் படித்தாள். பெங்களூரிலிருந்து மூத்தவள் காணொளி அழைப்பில் இருந்தாள். மருத்துவர் ஐயா மகனைப் பற்றி எழுதிய இடத்தில் அவன் முகம் சற்று மாறியது. பிறகு அவனே, "முதல் நான்கு நாள் நான் எதையும் கேட்க மாட்டேன்" என்றான்.

நாங்கள் முடிவு செய்திருப்பது இதுதான். ஜூன் முதல் வாரம் ஸ்ரீநகர் வழியாக ஏறுகிறோம். அதற்கு முந்தைய வாரம் சூழல் சரியில்லை என்று தோன்றினால் லேவுக்கு விமானம். தங்குமிடங்களும் நடைபயணமும் மூத்தவளின் பொறுப்பு. வண்டி, சாலை, பெட்ரோல் எல்லாம் மகனுடையது. அதற்கு முன் அவன் கோத்தகிரிச் சாலையில் அவன் அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். பணப்பை இளையவளிடம். அவள் இதுவரை கேட்ட கேள்விகளைப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட வீணாகாது என்று தெரிகிறது. யாருக்குத் தலைவலி என்றாலும் அன்றைய திட்டம் நின்றுவிடும். அதில் வாக்கெடுப்பு கிடையாது. பாங்காங் ஏரியில் தங்குவதை, அதன் 4,225 மீட்டர் உயரத்தை எண்ணி, நுப்ராவுக்குப் பிறகு வைத்திருக்கிறோம்.

இரண்டு சின்னச் சந்தேகங்கள். எங்கள் ஐவரில் நால்வர் வைத்திருப்பது முன்கட்டண சிம். அது அங்கே வேலை செய்யுமா? டெல்லி வரை ரயிலில் போகலாமா?

மலைநாடன், கோத்தகிரி

வெளி மாநில முன்கட்டண சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் இயங்காது. பின்கட்டண இணைப்பு வேலை செய்யும். பிரிந்து போகும்போது இரு பக்கமும் ஒன்று இருக்கும்படி, குறைந்தது இருவராவது புறப்படுவதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். நுப்ராவிலும் மணாலிச் சாலையிலும் பல இடங்களில் எதுவும் கிடைக்காது என்பதையும் ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் அழைப்பு வராவிட்டால் அவர்கள் பதற வேண்டாம்.

ரயிலில் போகும்போது ஒரு வழிக்கு முழுதாக ஒன்றரை நாள் போய்விடும் என்பதால், போகும்போது விமானமும் திரும்பும்போது ரயிலும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது. அந்தக் காலை எட்டு மணிக்கு மகளைக் கணினி முன் உட்காரச் சொல்லுங்கள். மணாலிச் சாலையில் ஒரு நாள் அடைப்பு ஏற்பட்டாலும் ரயில் தவறாதபடி, டெல்லியில் ஒரு நாள் காலியாக இருக்கட்டும்.